மீசையும் முப்பது மீட்டரும்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு நானும் என் மனைவி லோகநாயகியும் திருத்தணி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் மேலே ஏறுவதற்காக வருகிறார்கள். கடை, விடுதி, ஆட்டோ எல்லாம் அந்த ஏற்றத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. கடலுக்கு அடியில் இறங்குவதற்கென்று இந்த ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் அனேகமாக நாங்கள் இரண்டு பேர்தான். பக்கத்து வீட்டில் கேட்டதற்குப் புதுச்சேரியில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவைத்தேன்.

திருப்பதியிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து வந்தது. உள்ளே பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். நடத்துனர் என் பக்கத்தில் வந்ததும் தாடியை உற்றுப் பார்த்தார்.

“இன்னா சார், எல்லாரும் எறக்கிட்டு வந்துகினு கீறாங்க, நீங்க மட்டும் ஏத்திகினு போறீங்க?”

“ஆடிக் கிருத்திகைக்கு வேண்டுதல்ங்க.”

“ஆங், அப்ப சரி,” என்று ஆளுக்கு நூற்று எழுபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

போன கார்த்திகையில் லோகாவுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் பிளேட்லெட் மளமளவென்று இறங்கியது. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, இவள் எழுந்து நடந்தால் ஆடிக் கிருத்திகை வரை கத்தி படாமல் வளர்த்து உன் சன்னிதியில் இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்து நடந்தாள். இப்போது கடலில் குதிக்கவும் கிளம்பிவிட்டாள். முடி மட்டும் என்னிடம் இருக்கிறது. விரத காலம் என்பதால் மீன், கறி எதையும் தொடுவதில்லை. புதுச்சேரிக்குப் போகிறவன் மீனைத் தொடக்கூடாது என்றால் அது எப்படிப்பட்ட விரதம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அரக்கோணம், காஞ்சிபுரம், வந்தவாசி, திண்டிவனம் வழியாகச் சுமார் நூற்று அறுபது கிலோமீட்டர். நேரம் நிறைய இருந்ததால் நான் விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்கினேன். விஷயம் இதுதான். முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கும் ஆழ்கடல் நீச்சலில் முதல் சான்றிதழ் எங்கள் இருவரிடமும் இருக்கிறது. போன வருடம் வாங்கினோம். அதை வைத்துக்கொண்டு பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம். அதற்கு மேல் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று அட்வான்ஸ்டு. அதில் ஐந்து முறை இறங்கி ஐந்து விதமான பயிற்சி எடுக்க வேண்டும். ஆழத்துக்குப் போவதும் திசைகாட்டி பிடித்து வழி கண்டுபிடிப்பதும் கட்டாயம். முடித்தால் முப்பது மீட்டர் வரை அனுமதி. மற்றது ஸ்பெஷாலிட்டி. ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அதை மட்டும் நன்றாகக் கற்பது. மூழ்கிய கப்பல், நீருக்கடிப் புகைப்படம், உடம்பை மிதக்கவிடும் சமநிலை என்று ஏகப்பட்ட பிரிவுகள் உண்டு.

“எதுக்குங்க இப்பவே அடிச்சிக்கணும்? அங்க போய் கேட்டா சொல்லப்போறாங்க,” என்றாள் லோகா.

“கேக்கறதுக்கு இன்னா இருக்குது? அட்வான்ஸ்டுதான். நானு சர்வேயரு. திசைகாட்டிய என் கையில குடுத்துப் பாரு. முரளி அண்ணன்கூட அட்வான்ஸ்டுதான் வச்சிருக்காரு.”

“அதான பாத்தேன்,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். லோகா அரக்கோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறாள். அவள் பொதட்டூர்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, வெயில் காலம் முழுக்க வயல் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். நான் முப்பத்தெட்டு வயதில், மாதக் கட்டணம் கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவில் இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவன். இந்த வித்தியாசம் தண்ணீருக்குள் எப்போதும் தெரியும்.

முரளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் லோகாவின் தாய்மாமன் மகன், கட்டிக்கொள்ளும் முறை உள்ளவர். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று அந்தப் பேச்சு நின்றுபோய், அதன் பிறகு நான் வந்தேன். ஆந்திர எல்லைப் பக்கத்து வழக்கப்படி அவள் அவரைப் ‘பாவா’ என்கிறாள். முறைப்படி அவர் எனக்கு அண்ணன் ஆகிறார். ஆகவே நான் வயிறு எரிய எரிய ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும். சென்னையில் நல்ல வேலை, அறுபது முறைக்கு மேல் கடலுக்குள் இறங்கிய அனுபவம், முகத்தில் ஒரு மயிர்கூட இல்லாத வழவழப்பு. அவர் மனைவிக்குத் தண்ணீர் என்றாலே பயம். எங்களைக் கடல் பக்கம் இழுத்துவிட்டதே அவர்தான். நல்ல மனிதர் என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

பதினொன்றரை மணிக்குப் புதுச்சேரியில் இறங்கினோம். விடுதி அறைக்கு நாள் ஒன்றுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய். சாயங்காலம் பயிற்சி நிலையத்துக்குப் போனபோது, சென்னையிலிருந்து எங்களோடு சேர்ந்துகொள்ள வந்த முரளி எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார். பயிற்சியாளர் ஷெரின் காரைக்கால் பெண். முப்பது வயதிருக்கும். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அட்வான்ஸ்டுக்கு இருபத்தைந்தாயிரம், சமநிலை ஸ்பெஷாலிட்டிக்குப் பதினோராயிரம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“அண்ணே, இந்த மீசையோடவா எறங்கப் போறீங்க? மாஸ்க் ஒட்டாது. தண்ணி உள்ள வந்துகிட்டே இருக்கும்.”

“வேண்டுதல்.”

“மூக்குக்குக் கீழ ஒரு விரல் அகலம் எடுத்தா போதும்ணே. மீதி அப்படியே இருக்கட்டும்.”

“கத்தியே படக்கூடாதும்மா.”

லோகா குறுக்கே வந்தாள். “யாருக்கோசரம் வேண்டிக்கினீங்க? எனக்கோசரம்தான? நானே சொல்றேன், எடுங்க. முருகன் மயில வுட்டு எறங்கி வந்து உங்க மீசைய அளந்து பாக்கப் போறாரா?”

“சாமிகிட்ட பேசுனது நானு. நீ அப்ப மயக்கத்துல கெடந்த.”

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை,” என்று ஷெரின் சிரித்தார். முரளியும் சிரித்தார். அவர் சிரித்தது மட்டும் என் காதில் தனியாக விழுந்தது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சனிக்கிழமை சாதாரணமாக ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஷெரின் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தோம். முரளியும் லோகாவும் வஞ்சிர வறுவல் இரண்டு இரண்டு துண்டு வாங்கினார்கள். எனக்கு ரசமும் அப்பளமும். துண்டு ஒன்று நூற்று இருபது ரூபாய் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டதோடு என் பங்கு முடிந்தது.

சனிக்கிழமை விடியும் நேரத்தில் படகு கிளம்பியது. கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போய் நங்கூரம் போட்டார்கள். கடல் கொஞ்சம் ஆடியது. நான் விடுதியிலேயே குளித்து, நெற்றி நிறைய மூன்று பட்டை திருநீறு பூசிக்கொண்டு வந்திருந்தேன். பதினைந்து மீட்டருக்கு இறங்கப் போகிறவன் வெறும் நெற்றியோடு போகலாமா? கையில் வாஸ்லினோடு வந்த லோகா என் மீசை மேல் அதை அப்பிவிட்டாள். மருந்துக் கடைக்காரியின் யோசனை அது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு முதுகுப்புறமாக விழுந்தேன்.

மீசைப் பக்கம் தண்ணீர் கசிந்தது எதிர்பார்த்ததுதான். நெற்றிப் பக்கமும் கசிந்தது. மாஸ்க்கின் விளிம்பு திருநீற்றின் மேல் உட்கார்ந்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை. உப்புத் தண்ணீரில் கரைந்து முருகன் பிரசாதம் முழுவதும் என் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைத் திறக்க முடியாமல் ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டேன். மேலே கூட்டிவந்து நெற்றியைக் கழுவிவிட்டு மறுபடி இறக்கினார். முரளி, லோகா இருவரும் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில்.

தண்ணீருக்குள் தனியாகப் போகக்கூடாது. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான் போக வேண்டும். ஒருவருக்குக் காற்று குறைந்தால் இருவரும் சேர்ந்து மேலே வர வேண்டும். எனக்கு ஜோடி என் மனைவி, முரளிக்கு ஷெரின். மாஸ்க்கில் தண்ணீர் புகும்போதெல்லாம் மூக்கு வழியாகக் காற்றை ஊதித் தள்ள வேண்டும். அந்தக் காற்று சிலிண்டரிலிருந்துதான் வருகிறது. அதோடு எனக்குத் தண்ணீரில் ஒரு இடத்தில் நிற்க வராது. மேலே போவேன், கையை அடித்துக் கீழே வருவேன், மண்ணைக் கிளப்புவேன். இருபத்து நான்காவது நிமிடம் என் காற்றளவு மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டது. அப்போதுதான் லோகா ஒரு பாறை இடுக்கில் ஆக்டோபஸ் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். அது நிறம் மாறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல், தலைகீழாகத் தொங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று மிச்சம் இருந்தது. நான் அவள் தோளைத் தட்டி, கட்டைவிரலை மேலே காட்டினேன். மேலே போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கூடவே வந்தாள். நாங்கள் படகில் ஏறி அரை மணி நேரம் கழித்து ஷெரினோடு முரளி மேலே வந்தார். “அந்த ஆக்டோபஸ் வெளிய வந்து நடந்துச்சு லோகா, பாத்திருக்கணும் நீ,” என்றார். கடலில் அவரைத் தள்ளிவிடலாம், ஆனால் அவருக்கு நீந்தத் தெரியும்.

மதியம் ஷெரின் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்.

“அண்ணே, அட்வான்ஸ்டு எடுக்க உங்களுக்குத் தகுதி இருக்கு, நான் தடுக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். ஆழம் போகப் போக ஒவ்வொரு மூச்சும் கூடக் காத்த இழுக்கும். இன்னைக்குப் பதினஞ்சு மீட்டர்ல உங்களுக்கு வந்தது இருபத்தி நாலு நிமிஷம். முப்பதுல எறங்கின உடனே ஏறணும். அக்காவும் உங்ககூட ஏறணும்.”

“வேற வழி?”

“நீங்க சமநிலை ஸ்பெஷாலிட்டி எடுங்க. சும்மா நிக்கக் கத்துகிட்டாலே காத்துல பாதி மிச்சமாகும். அக்கா அட்வான்ஸ்டு எடுக்கட்டும். முரளி அண்ணன் ஜோடியா வர்றேங்கறாரு.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இப்போது ஆழம் துல்லியமாகத் தெரிந்தது, இருந்தும் காலை விடத்தான் ஆசையாக இருந்தது. இருபத்தைந்தாயிரத்தைக் கட்டினால் போதும், அவள் ஜோடி நான்தான். முரளி வேறு யாருடனாவது போகட்டும். இதை லோகா கேட்டிருந்தால் நான் வேறு காரணம் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. உங்க இஷ்டம் என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். வண்டிகள் நுழையாதபடி தடுப்பு போட்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கற்கள் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுண்டல் இருபது ரூபாய். பாதிப் பொட்டலம் காலியாகும் வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“நான் இல்லாம போனா உனக்கு சந்தோஷமா இருக்குமா?”

யோசித்தாள். யோசிக்காமல் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம்.

“தண்ணிக்குள்ள மட்டும், ஆங்.”

“மட்டும்னா?”

“வெளிய நீங்க இல்லாம எங்கயும் போவ மாட்டேன். தெரியும் உங்களுக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு அப்பதான் ஆரம்பிக்கும், நீங்க கட்டைவிரல காட்டிடுவீங்க. போன வருசம் ஆமை. இன்னைக்கு அது. ஒரே ஒரு தடவை, என் காத்து தீர்ற வரைக்கும் உள்ள இருந்துட்டு வரணுங்க. எனக்கு அவ்ளோதான்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மாத்திரையை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று கடையில் சொல்கிற குரலில் சொன்னாள். மீதிச் சுண்டலை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். என் மனைவிக்கு நான் இல்லாத ஒரு இடம் வேண்டியிருக்கிறது, அங்கே முரளி இருக்கப் போகிறார் என்பதைத்தான் அன்று இரவு முழுவதும் திருப்பித் திருப்பி நினைத்தேன். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலையில் லோகாவின் அட்வான்ஸ்டுக்கு இருபத்தைந்தாயிரமும் என் சமநிலைக்குப் பதினோராயிரமும் கட்டினேன். ரசீதை வாங்கும்போது ‘ஸ்பெஷாலிட்டி என்றால் நிபுணர்தானே, அட்வான்ஸ்டைவிட உசத்தி’ என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். சரிப்படவில்லை.

என் பயிற்சி எட்டு மீட்டர் ஆழத்தில் நடந்தது. மணல் தரையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை நிறுத்திவைத்து, அதில் இடிக்காமல் நுழைந்து வரச் சொன்னார் ஷெரினின் உதவியாளர். பிறகு கை காலை அசைக்காமல் மூச்சால் மட்டும் ஒரே உயரத்தில் மிதக்க வேண்டும். மூச்சை இழுத்தால் உடம்பு ஏறும், விட்டால் இறங்கும். முதல் முறை வளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நான்காவது முறை இடிக்காமல் வந்தேன். கடைசியில் பத்து மூச்சு நேரம் போல ஒரே இடத்தில் நின்றேன். பொடி மீன்கள் என் தாடிக்குள் நுழைந்து எதையோ கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே லோகா பார்க்கவில்லையே என்று ஆனது.

அன்று சாயங்காலம், ஐந்தில் மூன்று இறக்கங்களை முடித்துவிட்டு வந்த அவள் அறையில் திசைகாட்டியைக் கையில் கட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை முதல் இறக்கத்தில் அவளுக்கு வழி கண்டுபிடிக்கும் பயிற்சி. ஒரு சதுரம் போட்டு நீந்திக் கிளம்பின இடத்துக்கே திரும்ப வேண்டும்.

“பாவாவக் கேட்டேன். அவருக்கே சரியா வராதாம். நீங்க சொல்லித் தாங்களேன்.”

‘அவருக்கே சரியா வராதாம்’ என்ற வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பிறகு கடற்கரை மணலுக்குக் கூட்டிப்போய், அவள் தலையில் துண்டைப் போட்டு மூடி, திசைகாட்டி மட்டும் தெரியும்படி குனிந்து நடக்கச் சொன்னேன். முப்பது அடி வடக்கே, தொண்ணூறு டிகிரி திரும்பு, மறுபடி முப்பது அடி. துண்டு போட்ட பெண் மணலில் சதுரமாக நடப்பதையும் பக்கத்தில் தாடிக்காரன் ஒருவன் ‘வலது, வலது’ என்று கத்துவதையும் பார்த்து யாரோ பேய் ஓட்டுகிறார்கள் என்று நினைத்து ஒரு குடும்பம் தள்ளி உட்கார்ந்தது. பத்து டிகிரி தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு எங்கே போய் நிற்பாள் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது நிஜம். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அன்பு மட்டும் அல்ல. தப்பான அளவை என் வாயால் சொல்ல எனக்கு வராது.

திங்கட்கிழமை காலை இரண்டு படகுகள். முதல் இறக்கத்தில் சதுரத்தை முடித்துக் கிளம்பின இடத்திலேயே வந்து நின்றாள் என்று எங்கள் படகைக் கடக்கும்போது ஷெரின் கத்திச் சொன்னார். அடுத்தது ஆழம். அவர்கள் இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் கிழக்கே போனார்கள். அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் என் எட்டு மீட்டரில் இறங்கி, பத்து மீட்டருக்குப் போய், முப்பத்து மூன்று நிமிடம் உள்ளே இருந்தேன். இதுவரை நான் இருந்ததிலேயே அதிகம் அதுதான். மேலே வந்ததும் முதல் வேலையாகக் கிழக்கே பார்த்தேன்.

அவர்கள் படகு எங்களுக்கு முக்கால் மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தது. லோகா இறங்கி வந்தாள். முகத்தில் மாஸ்க்கின் அழுத்தம் சிவப்புக் கோடாக இருந்தது. அந்தக் கோட்டுக்குள் இருந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத முகம். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் அதைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

“இன்னா பாத்த?”

“ஒண்ணும் இல்லங்க. வெறும் மண்ணுதான். கலங்கலா இருந்துச்சு. உங்களுக்கு எப்படி?”

முரளியைப் பார்த்தேன். “ஆமா தம்பி, பெருசா ஒண்ணும் இல்ல,” என்று சொல்லிவிட்டு, நீச்சல் உடையின் ஜிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

டீ வந்தது. ஷெரின் ஈரத் தலையோடு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, நேராக என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

“அக்காவுக்கு என்ன ராசிண்ணே! நாலு வருஷமா இந்தக் கடல்ல எறங்குறேன், இத்தனை திருக்கைய ஒண்ணா பாத்ததே கிடையாது. புள்ளித் திருக்கை. தலைக்கு மேல வரிசையா போவுது, போவுது, போய்கிட்டே இருக்கு. அக்கா மாஸ்க்குக்குள்ளயே அழுதுட்டாங்க. சொல்லலயா உங்ககிட்ட?”

லோகா டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். முரளி, வண்டியில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனார்.

எனக்கு அப்போது வந்ததைப் பொறாமை என்று சொன்னால் குறைவு. அவர்கள் திருக்கையைப் பார்த்தது ஒரு எரிச்சல். என் மனைவி அழுததை முரளி பார்த்தார், நான் பார்க்கவில்லை என்பது அதைவிடப் பெரிய எரிச்சல். எல்லாவற்றுக்கும் மேலே, படகில் வரும்போது இருவரும் பேசிவைத்து, அவனிடம் சொல்லாதே, பாவம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லை யார் முதலில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குக் காது சூடானது. அன்று மதியம் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. தலைவலி என்றேன். அவள் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அதையும் முழுங்கித் தொலைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை முரளி சென்னைக்குத் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் பேருந்தில்தான் போவேன் என்றேன். லோகா என்னோடு வந்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வப்போது கடல் தெரிந்தது. நான் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சென்னையில் இறங்கி, வண்டி மாறி சென்ட்ரலுக்கு வந்து, மதியம் இரண்டு மணிக்குமேல் கிளம்பும் திருத்தணி மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். எண்பத்திரண்டு கிலோமீட்டர். பெரம்பூர் போனது, வில்லிவாக்கம் போனது. எதிர் இருக்கையில் இரண்டு பேர் பூக்கூடைகளை வைத்துக்கொண்டு தூங்கினார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அம்பத்தூர் தாண்டியதும் என்னால் முடியவில்லை.

“பாவம்னு யாரு சொன்னது? நீயா, அவரா?”

“யாரும் அப்படிச் சொல்லலங்க.”

“பின்ன எதுக்கு மண்ணுன்னு சொன்ன?”

எதிர் இருக்கைக்காரர்கள் தூங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“பாவாதான் படகுலயே அத்தப் பத்திப் பேச வந்தாரு. எத்தினி இருந்துச்சு, நான் எண்ணுனேன், நீ எண்ணுனியான்னு. நான்தான், பேசாத பாவா, ஒரு வார்த்த பேசாத, அவர்கிட்டயும் சொல்லாதன்னேன். உங்களுக்கு வயிறு எரியும்னு அவரு நெனச்சிக்கினாரு. நெனச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

“அப்ப இன்னா காரணம்?”

“அங்க, டீக் கடையில, ஈரத் துணியோட, ஒரு நிமிசத்துல சொல்லி முடிக்கிற விசயமாங்க அது? வூட்டுக்குப் போய், கதவ சாத்திட்டு, உங்கள ஒக்கார வச்சி மொதல்ல இருந்து சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு ஒடச்சிட்டா. நீங்க மூஞ்சியத் தூக்கிக்கினீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?”

ரயில் ஆவடியில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

“இப்ப சொல்லு,” என்றேன்.

“கேப்பீங்களா? நடுவுல பாவாவ இழுக்கக் கூடாது.”

“இழுக்க மாட்டேன்.”

சொன்னாள். கயிற்றைப் பிடித்து இறங்கியபோது பச்சையாக இருந்த தண்ணீர் எந்த இடத்தில் நீலமானது என்பதிலிருந்து தொடங்கினாள். கீழே போனதும் சிவப்புத் துணி பழுப்பாகத் தெரிந்ததைச் சொன்னாள். முதலில் ஒரு நிழல் வந்தது, மேகம் என்று நினைத்தாளாம், கடலுக்கடியில் ஏது மேகம் என்று அப்புறம் தோன்றியதாம். இரண்டு கைகளையும் விரித்து, ரயில் பெட்டிக்குள் மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காட்டினாள். பூக்காரர்களில் ஒருவர் கண் விழித்துப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. திருவள்ளூரில் நாற்பதாவது திருக்கை போய்க்கொண்டிருந்தது. அரக்கோணத்தில் அவளுடைய கடை இருக்கும் தெருப்பக்கம்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு குட்டி, கூட்டத்தைவிட்டுப் பின்தங்கி, இவளைப் பார்க்கத் திரும்பி வந்தது என்றாள். அந்த இடத்தில்தான் கைகளை மடியில் இறக்கினாள்.

திருத்தணியில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பெட்டியில் நாங்கள் மட்டும் இருந்தோம். மேலே ஏறி வரும்போது காற்று எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கேட்டேன்.

“இருந்துச்சுங்க. இன்னும் பத்து நிமிசத்துக்கு இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் மேல வந்த? தீர்ற வரைக்கும் இருக்கணும்னு சொன்னியே.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“பாத்ததும் உடனே யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. கீழ யாரு இருக்காங்க சொல்றதுக்கு?”